பஞ்சாபின் மாக்: விண்மீன் கணக்கும் வயல் கணக்கும்

பஞ்சாபின் கிராமங்களில் போஹ் மாதத்தின் கடைசி இரவு கரும்புச்சாற்றில் அரிசியைப் போட்டு மெல்லிய தீயில் குழைய விடுவார்கள். ‘ரௌ தீ கீர்’ என்று பெயர். சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை, சாறே இனிப்பு. வாசலில் லோஹ்ரித் தீ எரிந்துகொண்டிருக்கும். எள், வேர்க்கடலை, ரேவ்ரி, பொரித்த சோளம் எல்லாவற்றிலும் ஒரு பிடி தீக்கும் ஒரு பிடி வாய்க்கும் போகும். அந்த வருடம் பிள்ளை பிறந்த வீட்டிலும் புதுமணப்பெண் வந்த வீட்டிலும் கூட்டம் கூடுதல். அக்பர் காலத்தில் வரிவசூலை எதிர்த்துக் கலகம் செய்து 1599-இல் லாகூரில் தூக்கிலிடப்பட்ட துல்லா பட்டியின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடி வெல்லமும் காசும் கேட்பார்கள். ஆனால் அந்தக் கீர்ப் பானையை அன்றிரவு தொடுவதில்லை. மறுநாள் காலை, மாக் பிறந்து குளித்த பிறகுதான், ஆறிப்போன அதைத் தயிரோடு சாப்பிடுவார்கள். போஹில் சமைத்து மாகில் உண்பது என்று இதற்கு ஒரு சொலவடையே உண்டு.

மாதத்தின் எல்லையை இப்படி ஒரு பானைச் சோற்றில் வரைந்துவைத்திருப்பவர்கள் அந்த எல்லை எந்தத் தேதியில் விழ வேண்டும் என்பதில் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. சண்டை பஞ்சாங்கக்காரர்களுடையதுபோலத் தோன்றும். உள்ளே போனால் வேறொரு கேள்வி இருக்கிறது: மாக் என்பது வானத்தில் ஓர் இடமா, தரையில் ஒரு பருவமா?

வானக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். பஞ்சாபிகள் ‘தேசி மஹீனா’ என்று சொல்லும் பன்னிரண்டு மாதங்களும் நம்முடையவை போலச் சூரிய மாதங்கள்தான். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்ததற்குப் போகும் நாள் ‘சங்க்ராந்த்’. மகரத்துக்குள் நுழைவது மாக் முதல் நாள். ஆகவே மாக் சங்க்ராந்தும் நம் தை முதல் நாளும் ஒன்றே. லோஹ்ரித் தீயும் போகித் தீயும் ஏறக்குறைய ஒரே இருளில் எரிகின்றன. ஆனால் பெயரில் ஒரு மாதம் தள்ளிப்போய்விட்டது. மகம் நட்சத்திரத்தின் பெயரைத் தாங்கிய மாதம் நமக்கு மாசி, அவர்களுக்கோ அதே பெயர் தையிலேயே வந்துவிடுகிறது. சூரியன் மேஷத்தில் நுழைவதை நாம் சித்திரை என்று வைத்துக்கொண்டோம். பஞ்சாபும் வங்காளமும் வைசாகம் என்று வைத்துக்கொண்டன. மகநாள் பௌர்ணமிக்குரிய சந்திர மாதம் சூரியன் மகரத்தில் இருக்கும்போதே தொடங்கிவிடுவதால் அவர்கள் வழியிலும் பிழையில்லை. தமிழ் வாசகர் பஞ்சாபிப் பஞ்சாங்கமான ‘ஜந்த்ரி’யைப் புரட்டும்போது இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

தரையில் மாக் என்பது கோதுமையின் நடுவயது. கத்தக் மாதத்தின் பின்பாதியில், அதாவது அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் நடுவரை, விதைத்த பயிர் இப்போது தூர் கட்டி முடித்துக் கணு விடத் தொடங்கும். இந்தப் பயிருக்குக் குளிர் நீண்டால் நல்லது. குளிர் நீண்டால் தூர் பெருகும், கதிர் பெருகும். ஆனால் இரவில் வெப்பம் சுழியத்தை நெருங்கும்போது ‘கோரா’ என்னும் உறைபனி உருளைக்கிழங்கையும் இளம் கடுகையும் கருக்கிவிடும். அதனால் அத்தகைய இரவுகளை எதிர்பார்த்து வயலுக்கு லேசாகத் தண்ணீர் காட்டுவார்கள். ஈரமண் அவ்வளவு சீக்கிரம் வெப்பத்தை விட்டுவிடாது. மூடுபனி நாட்கணக்கில் விலகாத வருடங்களும் உண்டு. அப்போது ரூப்நகர், ஹோஷியார்பூர், குர்தாஸ்பூர் போன்ற மலையடிவார மாவட்டங்களில் இலையில் மஞ்சள் பொடி கோடுகோடாகப் படிகிறதா என்று பார்ப்பது விவசாயியின் அன்றாட வேலை. ‘பீலீ குங்கீ’ என்னும் மஞ்சள் துருநோய் அது. கையில் தேய்த்தால் மஞ்சள் ஒட்டும். ஒட்டினால் அன்றைக்கே மருந்து வாங்கப் போக வேண்டும்.

இந்த மாதத்து மழை பருவமழை இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரானும் ஆப்கானிஸ்தானும் தாண்டி வரும் காற்றழுத்தத் தாழ்வுகள் மலையில் பனியாகவும் சமவெளியில் தூறலாகவும் இறங்கும். ஒன்றிரண்டு நல்ல மழை மாகில் கிடைத்தால் ஒரு பாசனம் மிச்சம். கால்வாயும் மோட்டாரும் வருவதற்கு முன், மானாவாரி நிலத்தில் அதுதான் விளைச்சலையே முடிவு செய்தது. பஞ்சாபின் நாட்டுப்புறச் சொலவடைகள் போஹ், மாக் மழையை இவ்வளவு கொண்டாடுவதற்குக் காரணம் கவித்துவம் அல்ல.

இந்தக் குளிரில்தான் நீராடச் சொல்கிறது மரபு. பிரயாகையில் மாக் மாதம் முழுவதும் ஆற்றங்கரையில் குடிசை போட்டுத் தங்கி விடியலில் முழுகும் வழக்கம் மிகப் பழையது. சீக்கிய குருமார் இதை அப்படியே ஏற்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை. மாதத்துக்கு ஒரு பாடலாகப் பிரிவையும் பருவத்தையும் பாடும் ‘பாரஹ் மாஹா’ வடிவத்தை இருவர் கையாண்டார்கள். குரு நானக்கினுடையது துக்காரி ராகத்தில். குரு அர்ஜனுடையது மாஜ் ராகத்தில். இரண்டும் குரு கிரந்த் சாஹிபில் உள்ளன. மாக் மாதத்துக்கு வரும்போது நானக் தீர்த்தத்தை உள்ளே கண்டுகொண்டேன் என்ற பொருளில் பேசுகிறார். கங்கையும் யமுனையும் கூடும் இடம் அவருக்கு வெளியே இல்லை. அர்ஜன் இன்னும் நடைமுறைக்காரர். நல்லோரின் பாதத்தூளில் முழுகு, உயிர்களிடம் இரக்கம் காட்டு, அறுபத்தெட்டுத் தீர்த்தங்களின் பலனும் அதில் அடங்கும் என்பது அவர் பாடலின் சாரம். குளியலை மறுக்கிற பாடலைக்கூட குளியலுக்குரிய மாதத்தின் பெயரில்தான் வைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்கலாம். மாதத்தின் பிடி அவ்வளவு இறுக்கமானது.

இன்றும் ஒவ்வொரு சங்க்ராந்த் அன்றும் குருத்வாராக்களில் அந்தந்த மாதத்துப் பாடலை வாசிக்கிறார்கள். நாளுக்குப் புனிதம் இல்லை என்று பேசும் சமயத்தில் மாதப் பிறப்புக்கு இவ்வளவு கூட்டம் எப்படி என்று சீக்கிய அறிஞர்களே கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் குரு அமர் தாஸ் கோயிந்துவாலில் எண்பத்துநான்கு படிகளுள்ள கிணறு வெட்டி, வைசாகி, தீபாவளியோடு மாக் முதல் நாளான மாகியன்றும் தம் மக்களை அங்கே கூடச் சொன்னார் என்பது மரபு. பழைய நாட்களை அழிப்பதைவிட அவற்றுக்குப் புது இடத்தைக் கொடுத்துவிடுவது எளிது என்று அவர் அறிந்திருக்க வேண்டும்.

மாகிக்கு அப்படி வாய்த்த மிகப் பெரிய இடம் முக்த்ஸர்.

பஞ்சாபின் தென்மேற்கு மூலையில், ராஜஸ்தான் மணலை நோக்கிச் சரியும் நிலத்தில், கித்ரானா என்ற ஊரில் ஒரு ‘டாப்’ இருந்தது. மழைநீர் தேங்கும் தாழ்நிலக் குட்டை. சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீர் இல்லை. ஆனந்தபூர் முற்றுகையிலிருந்து வெளியேறி, நான்கு மகன்களையும் இழந்து, மால்வா நிலத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்த குரு கோவிந்த் சிங்கை சிர்ஹிந்தின் ஃபௌஜ்தார் வசீர் கானின் படை துரத்திக்கொண்டு வந்தது. முற்றுகையின் பசி தாங்காமல், இனி நாங்கள் உங்கள் சீக்கியர் அல்லர் என்று ‘பேதாவா’ எழுதிக் கொடுத்துவிட்டு மாஜாப் பகுதிக்குத் திரும்பிய நாற்பது பேரும் இப்போது அதே குட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களை வெட்கப்படச் செய்து திருப்பி அழைத்து வந்தவர் ஜபால் கிராமத்து மாயி பாகோ என்று மரபு சொல்கிறது. வந்தவர்கள் புதர்களின் மீது போர்வைகளை விரித்துப் போட்டார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பெரிய பாசறைபோலத் தெரியும். குரு ஒரு மணல்மேட்டிலிருந்து அம்பு தொடுத்தார். நாற்பது பேரும் மடிந்தார்கள். ஆனால் முகலாயப் படைக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. குடிக்கும் நீர் சீக்கியர் வசம், அடுத்த நீர் வெகுதூரம். படை திரும்பியது. உயிர் போகும் தறுவாயில் இருந்த மஹான் சிங் கேட்டுக்கொண்டபடி குரு அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். நாற்பது பேர் ‘சாலீ முக்தே’, விடுதலை பெற்ற நாற்பதின்மர் ஆனார்கள். சீக்கியரின் அன்றாடப் பிரார்த்தனையான அர்தாஸில் அவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். குட்டை குளமாகி, ஊர் முக்த்ஸர் ஆயிற்று. மாயி பாகோ காயத்தோடு பிழைத்து, குருவின் பின்னால் தக்காணம்வரை சென்றார்.

மாகி மேளா இந்த நாற்பதின்மருக்கானது. லட்சக்கணக்கானோர் வருகிறார்கள்; விடியுமுன் சரோவரில், அந்தக் குளத்தில், முழுகுகிறார்கள். குதிரைச் சந்தை உண்டு. சீக்கியப் போர்வீரர் மரபினரான நிஹங்குகளின் குதிரையோட்டம் உண்டு. அரசியல் கட்சிகள் தனித்தனியாகப் பந்தல் போட்டு ஒன்றையொன்று திட்டுவதும் மேளாவின் அங்கமாகவே ஆகிவிட்டது. தியாகிகளின் நாளில் இதெல்லாம் எதற்கு என்ற முணுமுணுப்பும் வருடம் தவறாமல் கேட்கிறது.

இங்கேதான் தேதி சிக்கலாகிறது. பல நூல்கள் போர் 1705 டிசம்பர் 29 அன்று நடந்தது என்கின்றன. டிசம்பரில் எப்படி மாகி என்று படிப்பவர் குழம்பலாம். அது பழைய ஜூலியன் கணக்கு. இன்றைய கிரிகோரியனுக்கு மாற்றினால் 1706 ஜனவரி 9. கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்றைய முறைப்படி மாக் முதல் நாள் அந்த வருடம் அதை ஒட்டித்தான் விழுகிறது. அதாவது, இந்தத் தேதி மாகி நாளோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேளா நடக்கும் நாளை வைத்துப் போரின் நாளைப் பின்னோக்கி வருவித்திருக்க வாய்ப்பு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் இன்னொரு மரபு அதே அளவு வலுவாக இருக்கிறது. போர் நடந்தது வைசாக்கில், கோடை தொடங்கிய பிறகு. அந்த வெயிலில் திரளும் மக்களுக்கு கித்ரானாவில் குடிநீர் கிடைக்காது என்பதால்தான் நினைவுவிழா மாக் மாதத்துக்கு நகர்த்தப்பட்டது என்கிறது அது. இரண்டில் எது சரி என்பது ஆனந்தபூரை விட்டு வெளியேறியது 1704 டிசம்பரா 1705 டிசம்பரா என்ற பெரிய விவாதத்தோடு பின்னிக் கிடக்கிறது. முடிவு சொல்வது வரலாற்றாசிரியர்கள் பாடு. ஆனால் தாகத்தால் ஒரு படை திரும்பிப் போன கதை மூடுபனிக் குளிரைவிட வைசாக் வெயிலுக்கே பொருந்துகிறது. விழா நகர்ந்த காரணமும் நம்பக்கூடியது. அப்படியானால் முக்த்ஸருக்கு மாகியைக் கொடுத்தது நட்சத்திரமும் இல்லை, போரும் இல்லை, குட்டையின் நீர்மட்டம்.

அந்த நீர் இப்போது என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஹரிகேயில் பிரிந்து முக்த்ஸர் வழியே போகும் சிர்ஹிந்த் ஃபீடர், ராஜஸ்தான் ஃபீடர் என்ற இரண்டு பெரிய கால்வாய்களின் கசிவால் மாவட்டத்தின் பல கிராமங்களில் நிலத்தடி நீர் மேலேறி வயல்கள் சேறாயின. இதை ‘சேம்’ என்கிறார்கள். அங்குள்ள நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் யாரும் இறைத்துப் பாய்ச்சுவதில்லை. இறைக்காததால் மட்டம் இன்னும் ஏறியது. பஞ்சாபின் மற்ற மாவட்டங்கள் ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் தோண்டிக்கொண்டிருக்க, தண்ணீர் இல்லாததால் போரின் முடிவே மாறிய ஊரில் நீர் வடியவில்லை என்று நிவாரணம் கேட்டார்கள்.

போர்களுக்கும் இந்தப் பருவத்துக்கும் பொதுவாகவே உறவு உண்டு. ஆறுகள் வற்றித் துறைகளில் இறங்கிக் கடக்க முடிகிற காலம் குளிர்காலம். 1762 பிப்ரவரி 5-இல் அஹ்மத் ஷா அப்தாலியின் குதிரைப்படை மாலேர்கோட்லா அருகே குப் பகுதியில் குடும்பங்களோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்த சீக்கியர்களைச் சுற்றி வளைத்து ஆயிரக்கணக்கில் கொன்றது. ‘வட்டா கல்லூகாரா’, பெரும் படுகொலை என்று பெயர். 1846 பிப்ரவரி 10-இல் சப்ராவோனில் பிரிட்டிஷாரிடம் தோற்ற லாகூர்ப் படை சட்லெஜைக் கடந்து பின்வாங்க முயன்றபோது, மழையால் ஆறு உயர்ந்திருந்தது, படகுப் பாலமும் அறுந்தது. குண்டுக்குத் தப்பியவர்களை ஆறு கொண்டுபோயிற்று. 1872-இல் பைணி சாஹிபில் மாகிக்காகக் கூடிய நாம்தாரி என்னும் சீக்கியப் பிரிவினரில் ஒரு பகுதியினர் மாலேர்கோட்லாவைத் தாக்கப் புறப்பட, ஜனவரி 17, 18 தேதிகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் முறையான விசாரணையின்றிப் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார்கள். மூன்றும் மாக் மாதத்தவை.

இப்போது பஞ்சாங்கச் சண்டைக்கு வரலாம். ராசியை வைத்து எண்ணும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட ஏறக்குறைய இருபது நிமிடம் நீளம்; பழைய சூரிய சித்தாந்தக் கணக்கில் இருபத்துநான்கு நிமிடம்வரை. அறுபது, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் மாதப் பிறப்பு பருவத்தைவிட்டுத் தள்ளிப்போகிறது. 1699-இல் கால்சா உருவான வைசாகி அன்றைய ஜூலியன் கணக்கில் மார்ச் கடைசியில் விழுந்தது. கிரிகோரியனில் ஏப்ரல் இரண்டாம் வாரத் தொடக்கம். இன்று அது ஏப்ரல் 14 வாக்கில் வருகிறது. நம் தைப் பொங்கலுக்கும் இதே கதைதான். மகர சங்கராந்தியும் குளிர்காலச் சூரியத் திருப்பமும் ஒன்றாக இருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன். இப்போது இடையில் மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி. உத்தராயணம் பிறந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது சூரியன் வடக்கே நகரத் தொடங்கி இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டிருக்கிறது.

கனடாவின் எட்மண்டனில் வாழ்ந்த பொறியாளர் பால் சிங் புரேவால் இதைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். ஐந்நூறு ஆண்டுகளுக்கான ஜந்த்ரியை முதலில் கணித்தார். பிறகு ‘நானக்ஷாஹி’ நாட்காட்டியை முன்வைத்தார். குரு நானக் பிறந்த 1469 அதன் தொடக்கம். முதல் ஐந்து மாதங்களுக்கு 31 நாள், மற்றவற்றுக்கு 30. லீப் ஆண்டில் மட்டும் பக்குனுக்கு 31. ஆண்டின் நீளம் பருவங்களின் ஆண்டு. மாக் என்றென்றைக்கும் ஜனவரி 13-இல் தொடங்கும். அவருடைய வலுவான வாதம் வானியல் சார்ந்தது அல்ல, இலக்கியம் சார்ந்தது. பாரஹ் மாஹா பாடல்களில் குருமார் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பருவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் நகர்ந்துகொண்டே போனால், ஒரு காலத்தில் குளிரைப் பாடும் மாதத்தில் வெயில் அடிக்கும். பஞ்சாங்கம் கிரந்தத்தைப் பொய்யாக்கிவிடும்.

குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 2003-இல் இந்த நாட்காட்டியை ஏற்றது. குரு கோவிந்த் சிங்கின் பிறந்தநாள் திதியைவிட்டு ஜனவரி 5-இல் நிலைபெற்றது. அதுவரை அது சில ஆண்டுகளில் இருமுறை வந்தது, சில ஆண்டுகளில் வரவே இல்லை. ஏழே ஆண்டு. சந்த் சமாஜ் முதலான பழமை சார்ந்த அமைப்புகளின் அழுத்தத்தில் 2010-இல் திருத்தம் வந்தது. சங்க்ராந்த்கள் ராசியை வைத்து எண்ணும் பழைய பிக்ரமி முறைக்குத் திரும்பின, குருமாரின் நினைவுநாட்களான குருபுரப்களில் முக்கியமானவையும் திதிக்குப் போயின. பெயர் மட்டும் நானக்ஷாஹியாகவே நின்றது. பாகிஸ்தானின் குருத்வாராக் கமிட்டியும் வெளிநாட்டுக் குருத்வாராக்கள் பலவும் ‘மூல்’, அதாவது மூல நாட்காட்டியையே வைத்துக்கொண்டன. இதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் நன்கானா சாஹிபில் மாக் ஒரு நாள் முன்னால் பிறக்கிறது.

எதிர்ப்பாளர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அண்டை வீட்டு இந்துக் குடும்பத்தோடு ஒரே இரவில் லோஹ்ரி கொளுத்திப் பழகிய ஊரில் சங்க்ராந்தை மட்டும் ஒரு நாள் முன்னுக்கு இழுப்பது சிறிய காரியம் அல்ல. தனி நாட்காட்டி வேண்டும் என்ற கோரிக்கைக்குள் தனிச் சமயம் என்ற அடையாள அரசியல் இருந்தது. வேண்டாம் என்றதற்குள்ளும் அரசியல் இருந்தது. ஆயினும் கணக்கில் புரேவால் சொன்னதே சரி. இன்னும் 1,200, 1,300 ஆண்டுகளில் பிக்ரமி மாக் பிப்ரவரியில்தான் தொடங்கும்.

ஆனால் அவரும் ஒன்றை உறுதியாக எடுத்துக்கொண்டார்: பருவம் தன் இடத்தில் நிற்கும், மாதம்தான் நகரும் என்று. எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்ற நகர்வு கோதுமை விவசாயிக்கு ஒரு பொருட்டே அல்ல. பருவமே நகர்ந்தால்தான் சிக்கல். 2022-இல் மாக் வழக்கம்போலக் குளிர்ந்தது, ஜனவரியில் நல்ல மழையும் பெய்தது. பக்குன் முடிந்து சேத் பிறந்த மார்ச் நடுவில், பால் பிடித்திருந்த கதிர்களின் மேல் வைசாக் வெயில் ஒரு மாதம் முன்னதாகவே இறங்கியது. மணி உருண்டு திரளாமல் சுருங்கியது. மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. சுருங்கிய மணி 6 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கொள்முதல் இல்லை என்ற விதியை, பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் சண்டிகருக்கும் 18 விழுக்காடு வரை தளர்த்தி, விலையும் குறைக்காமல் மண்டிகளில் வாங்கச் சொன்னது.